வேலை நாள் ராத்திரிக்கு சட்டுனு செய்ய, உடம்புக்கும் நல்லதா, எந்த சமையல் புத்தகம் வாங்கலாம்?

காவேரிக்கரை
அக்கா, அண்ணா எல்லாருக்கும் வணக்கம். நாங்க கனடா வந்து ரெண்டு மாசம்கூட ஆகல. திங்கக்கிழமையில இருந்து எனக்கும் வேலை. வீட்டுக்குள்ள நுழையவே ஏழு மணி ஆயிடும். இன்னைக்கு ராத்திரியும் பிரெட்டும் ஜாமும்தான். ஊர்ல அம்மாவும் மாமியாரும் பாத்துக்கிட்டாங்க, எனக்கு சாம்பார், ரசம், ரெண்டு பொரியலுக்கு மேல கைவராது. யூடியூப்ல பேசிக்கிட்டே இருக்காங்க, ஈரக்கையோட நிறுத்தி நிறுத்திப் பாக்க முடியல. எனக்குப் புத்தகம்தான் சரிவரும். சீக்கிரம் ஆகணும், எண்ணெய் கம்மியா இருக்கணும். இந்த வாரமே வேணும். யாராவது சொல்லுங்க ப்ளீஸ், அழுகையா வருது.

பனங்கூடல்
பிள்ளை, அழாதேங்கோ. நான் 89இல வந்தனான். அப்ப உந்தத் தமிழ்க் கடையள் ஒண்டும் பக்கத்தில இல்லை. கறிவேப்பிலை கண்ணில காணேலாது, ஆராவது ஊரிலயிருந்து வந்தால் காயவைச்சதைக் கொண்டு வருவினம். ஒரு அறையில நாலு பெடியள். இரவு வேலை முடிஞ்சு பஸ்சுக்கு நிண்டு, குளிரில விறைச்சு வந்து, பாணும் பருப்பும். இப்ப எல்லாம் கிடைக்குது. புத்தகம் ஏன்? நல்ல கறித்தூள் ஒண்டு வாங்கி வையுங்கோ. மைசூர்ப் பருப்பை ஊறவைக்கவும் தேவையில்லை, கால் மணித்தியாலத்தில அவியும். உள்ளி (பூண்டு), பச்சை மிளகாய், மஞ்சள் போட்டு அவியவிட்டு, கடைசியில கொஞ்சம் தேங்காய்ப்பால் விட்டு இறக்குங்கோ. ஒரு கீரை. அவ்வளவுதான் இரவுச் சாப்பாடு.

ஆட்டோ குக்கர்
இன்ஸ்டன்ட் பாட்னு ஒரு கரண்ட் பிரஷர் குக்கர் இருக்கு, வாங்கிடுங்க. இங்கயே ஒட்டாவா பக்கத்துல உருவானது, 2010ல வந்துச்சு. ஊர்வசி பித்ரே எழுதின இந்தியன் இன்ஸ்டன்ட் பாட் குக்புக்னு ஒண்ணு இருக்கு, அதையும் சேர்த்து வாங்குங்க. போட்டுட்டு குளிக்கப் போலாம், துணி மடிக்கலாம். விசில் எண்ண வேண்டாம்.

கொங்கு மாமி
அதை வாங்காதம்மா. பத்து நிமிஷம்னு போட்டிருக்கும். ஆனா அழுத்தம் ஏற ஒரு பத்து நிமிஷம், தானா இறங்க இன்னொரு பத்து, அதையெல்லாம் யாரும் சேத்துச் சொல்றதில்ல. அடுப்பு குக்கர்ல அழுத்தமும் அதைவிட ஜாஸ்தி, பருப்பு சீக்கிரம் வெந்துரும். நான் ஊர்ல இருந்து கொண்டுவந்த மூணு லிட்டர் குக்கர்தான் இன்னும் ஓடுது. மிக்ஸி மட்டும் கொண்டு வந்துராதீங்க, அங்க 230 வோல்ட், இங்க 120. தமிழ்க் கடையில இந்த ஊருக்கான மிக்ஸியே கிடைக்கும்.

ஆட்டோ குக்கர்
அந்த நேரம் முழுக்க அடுப்புகிட்ட நிக்க வேண்டாமே மாமி, அதுதான் லாபம். கைக்குழந்தையோட நான் தனியா இருந்த முதல் குளிர்காலத்துல அது இல்லைன்னா சாப்பாடே கிடையாது.

ஆழாக்கு
மீனாட்சி அம்மாளோட ‘சமைத்துப் பார்’ இல்லாம என்ன சமையல் புத்தகம்? 1951ல வந்தது. கல்யாணம் ஆகிப் போற பொண்ணுக்கு சீர்வரிசையோட அதையும் வச்சு அனுப்பின வீடுகள் உண்டு. ஒண்ணும் தெரியாதவங்களும் படிச்சே சமைக்கலாம்.

நைட்ஷிப்ட்
நல்ல புத்தகம்தான், எங்க வீட்லயும் இருக்கு. ஆனா வேலை விட்டு ஏழு மணிக்கு வர்ற பொண்ணுக்கு எழுதினது இல்ல. வறுத்து அரைக்கணும், அளவு ஆழாக்குல இருக்கும், ஒரு குடும்பமே சாப்பிடுற அளவு. ஞாயித்துக்கிழமைக்கு வச்சுக்கலாம்.

எனக்குப் பிரச்சினை புத்தகம் இல்ல, வீடு. கடுகு தாளிச்சா புகை அலாரம் அடிக்குது, மேல குடியிருக்கிற வீட்டுக்காரர் ‘என்ன வாசம்’னு வந்து நிக்கிறார். வாடகை மட்டும் வருஷா வருஷம் ஏறுது. அலாரத்துல பேட்டரியைக் கழட்டி வச்சுட்டுத்தான் சமைக்கிறேன்.

கொங்கு மாமி
எங்க பழைய வீட்டுக்காரம்மா மீன் வறுக்கக் கூடாதுன்னே சொன்னாங்க. சொந்தக் காசுல வாடகை குடுத்துட்டு பயந்து பயந்து சமைக்கிறது பெரிய வேதனை. அதுலயும் டிசம்பர் வந்தா அஞ்சு மணிக்கு முன்னாடியே இருட்டிடும், அப்புறம் அடுப்படிக்குப் போகவே மனசு வராது.

பனங்கூடல்
கொத்தமல்லிக் கட்டு விலையையும் சொல்லுங்கோ. வாங்கி மூண்டாம் நாள் அழுகிப்போகுது.

641.5
அந்தப் பொண்ணு கேட்டு ரெண்டு மணி நேரம் ஆச்சு. நாம நம்ம கஷ்டத்தையே பேசிக்கிட்டு இருக்கோம்.

முதல்ல, நைட்ஷிப்ட் தம்பி, அலாரத்துல பேட்டரியைக் கழட்டாதீங்க. ஒன்டாரியோ மாகாணத்துல அது சட்டப்படி தப்பு, அதைவிட உயிருக்கு ஆபத்து. ஃபேனைப் போட்டுட்டு, மிதமான சூட்டுல, எண்ணெய் புகையறதுக்கு முன்னாடியே கடுகைப் போடுங்க.

காவேரிக்கரை, எந்த ஊர்ல இருக்கீங்க? என்ன அடுப்பு? சைவமா? ‘உடம்புக்கு நல்லதா’னு கேக்கிறீங்க, யாருக்காவது ஏதாவது இருக்கா?

காவேரிக்கரை
மன்னிச்சுக்கோங்க, பதட்டத்துல எதுவும் சொல்லல. டொராண்டோவுல ஸ்கார்பரோ. வளைவளையா சிவக்கிற கரண்ட் அடுப்பு. முட்டை சாப்பிடுவோம், கறி மீன் இல்ல. அவருக்கு சுகர். போன வருஷம்தான் தெரிஞ்சுது, மாத்திரை போடுறார். வந்ததுல இருந்து பிரெட்டும் வெளிச் சாப்பாடுமா இருக்கவும் சுகர் ஏறிடுச்சு. அதனாலதான் பயம்.

641.5
இதுதாம்மா எங்களுக்குத் தெரிய வேண்டியிருந்தது. இப்ப சொல்றேன்.

புத்தகத்தை உடனே காசு குடுத்து வாங்காதீங்க. டொராண்டோ பொது நூலகத்துல அட்டை இலவசம். ஸ்கார்பரோவுல பல கிளைகள்ல தமிழ்ப் புத்தகமும் இருக்கு. ஆங்கில சமையல் புத்தகம் 641.5ங்கிற எண்ல இருக்கும், அந்த அலமாரிக்கு நேரா போங்க. வேற கிளையில இருக்கிறதை இணையத்துல பதிஞ்சு வச்சா, உங்க கிளைக்கே வந்துடும். மூணு வாரம் வச்சுக்கலாம். 2022ல தாமதக் கட்டணத்தையும் எடுத்துட்டாங்க. லிப்பிங்கிற செயலியில நூலகத்தோட மின்புத்தகமும் உண்டு, ஆனா அதுக்கும் நூலக அட்டை வேணும்.

ஒரு நாலஞ்சு எடுத்துட்டு வந்து, சமைக்கிறதுக்கு முன்னாடி வீட்ல உக்காந்து புரட்டிப் பாருங்க. புத்தகத்தோட மேலட்டையில ‘30 நிமிடம்’னு போட்டிருக்கிறதை நம்பாதீங்க. உள்ள பொருள் பட்டியல்ல ‘வெங்காயம் ரெண்டு, பொடியா நறுக்கினது, பூண்டு எட்டுப் பல், உரிச்சது, கொண்டைக்கடலை, ஊறவச்சு வேகவச்சது’னு இருக்கும். நறுக்கி உரிச்சு வேகவச்ச பிறகுதான் அந்த 30 நிமிஷம் ஆரம்பிக்குது. வேலை நாளுக்கு வேணும்னா, பொருள் பத்துக்குள்ள, பாத்திரம் ரெண்டுக்குள்ள இருக்கிற பக்கத்துல மட்டும் சீட்டு வைங்க. அப்படி எட்டுப் பக்கமாவது தேறுற புத்தகத்தை அப்புறமா வாங்குங்க.

ஒரு ஆளுக்கு எவ்வளவு மாவுச்சத்துன்னு செய்முறைக்கு அடியில போட்டிருக்கிறதா பாருங்க. அவருக்கு அதுதான் முக்கியம். டயாபடீஸ் கனடா தளத்துல அப்படிப்பட்ட செய்முறைகள் இலவசமாவே இருக்கு. கனடா உணவு வழிகாட்டியோட ஒரு பக்கச் சுருக்கம் தமிழ்லயும் கிடைக்கும்: தட்டுல பாதி காயும் பழமும், கால் பங்கு பருப்பு, முட்டை மாதிரி புரதம், கால் பங்குதான் சோறோ சப்பாத்தியோ. அச்செடுத்து ஃப்ரிட்ஜ்ல ஒட்டுங்க. அதோட ஒன்டாரியோவுல சர்க்கரை நோய்க் கல்வி மையங்கள் இருக்கு, பல இடத்துல டாக்டர் கடிதம் இல்லாமலே போகலாம். உணவு நிபுணர் உக்கார வச்சுப் பேசுவாங்க. மாத்திரை போடுறவர் திடீர்னு சோத்தைக் குறைக்கக் கூடாது, அவங்ககிட்டயோ டாக்டர்கிட்டயோ கேட்டுட்டு மாத்துங்க.

அளவு விஷயத்துல கவனம். ஆஸ்திரேலியப் புத்தகத்துல ஒரு மேசைக்கரண்டி 20 மில்லி, இங்க 15. உப்பு, மிளகாய்த்தூள்ல அது தெரியும். பிரிட்டிஷ் புத்தகம் செல்சியஸ்ல சொல்லும், உங்க ஓவன் ஃபாரன்ஹீட்ல இருக்கும். 180ன்னு இருந்தா 350 வைங்க.

அடுப்புதான் உங்களுக்குத் தொல்லை குடுக்கும். எந்தப் புத்தகமும் ‘தீயைக் குறைக்கவும்’னு சொல்லும். கேஸ்ல திருகினதும் குறையும், இந்த வளையம் சிவந்தே கிடக்கும், அடிபிடிச்சுடும். ரெண்டு வளையத்தைப் போடுங்க, ஒண்ணு வேகமா, ஒண்ணு குறைவா. கொதிச்சதும் பாத்திரத்தைத் தூக்கி அடுத்ததுல வைங்க. குக்கருக்கும் அதேதான்.

இந்த வாரத்துக்குப் பனங்கூடல் ஐயா சொன்ன பருப்பே போதும், தேங்காய்ப்பாலை மட்டும் குறைச்சுக்கோங்க. உறைஞ்ச பீன்ஸ், கீரை பாக்கெட் ரெண்டு வாங்கி வைங்க, நறுக்குற வேலையே இல்ல. ஞாயித்துக்கிழமை வெங்காயம் தக்காளி தொக்கு ஒரு சட்டி வதக்கி, சின்னப் பைல தட்டையா போட்டு ஃப்ரீசர்ல அடுக்குங்க. ஒரு நாள் அதுல முட்டை, ஒரு நாள் டின் கொண்டைக்கடலையை நல்லா அலசிப் போட்டு, ஒரு நாள் பனீர். மீந்த சோத்தை ரெண்டு மணி நேரத்துக்கு மேல வெளிய வைக்காதீங்க, குளிர்காலம்னாலும்.

ஆட்டோ குக்கர்
இன்ஸ்டன்ட் பாட் வாங்கச் சொன்னதை வாபஸ் வாங்கல, ஆனா முதல் சம்பளம் வரட்டும்.

காவேரிக்கரை
ரொம்ப நன்றி அக்கா. நாளைக்கே நூலகம் போறேன். கார்டுக்கு என்ன கொண்டு போகணும்? இன்னும் லைசென்ஸ் வரல.

641.5
பேரும் இங்கத்திய முகவரியும் இருக்கிற தாள் வேணும். பாஸ்போர்ட்டோட வாடகை ஒப்பந்தத்தையும் வங்கிக் கடிதத்தையும் எடுத்துக்கோங்க. கிளை திறந்திருக்கிற நேரம் பாத்துட்டுக் கிளம்புங்க.