மெனு கார்டுக்குப் படம் எடுப்பதும் கலைதானா? இட்லி, சாம்பார் பற்றியும் ஒரு சந்தேகம்

திருச்சி_கேமரா:

எல்லாருக்கும் வணக்கம். நான் கல்யாணப் படம் எடுப்பவன். ஆடியில் முகூர்த்தம் கிடையாது என்பதால் இந்த முறை ஒரு ஹோட்டல் வேலையை ஒப்புக்கொண்டேன், டிபன் ஐட்டம் முழுவதும் எடுத்து மெனு கார்டுக்கும் டெலிவரி ஆப்புக்கும் கொடுக்க வேண்டும். கையில் இருப்பது ஒரு கிராப் சென்சார் கேமரா, 50 எம்எம் லென்ஸ், கல்யாணத்துக்குக் கொண்டுபோகும் இரண்டு சாஃப்ட்பாக்ஸ் (வெள்ளைத் துணி போட்டு வெளிச்சத்தை மென்மையாக்கும் லைட் பெட்டி). தோசை, வடை ஓரளவு வருகிறது. இட்லி எப்படி வைத்தாலும் வெள்ளையாக ஒரு வட்டம், அவ்வளவுதான். சாம்பாரில் உயிரே இல்லை. முதலாளி "இன்னும் பளிச்சுன்னு வேணும் தம்பி" என்கிறார், லைட்டைக் கூட்டினால் இன்னும் மோசமாகிறது.

இன்னொன்றும் கேட்க வேண்டும். எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த அண்ணன், "சாப்பாடு எடுக்கிறதும் சோப்பு டப்பா எடுக்கிறதும் ஒண்ணுதான், ஒரு தடவை லைட்டை செட் பண்ணிட்டா வரிசையா எடுத்துத் தள்ளலாம்" என்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு மெதுவடையை ஜன்னலோரம் வைத்து எடுத்தபோது அதன் ஓட்டைக்குள் விழுந்த நிழலையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இதையே முழுநேரமாகச் செய்பவர்கள் சொல்லுங்கள், இது வெறும் கைவேலையா, அதற்கு மேல் ஏதாவது இருக்கிறதா?

வடக்கு_ஜன்னல்:

தம்பி, முதலில் இட்லியை முடித்துவிடுவோம். நான் சென்னையில் உணவுப் படம் மட்டுமே எடுத்துப் பிழைப்பவன், இன்றைக்கும் எனக்குக் கஷ்டமான ஐட்டம் அதுதான்.

கல்யாணம் எடுத்துப் பழகியவர்கள் லைட்டை கேமரா பக்கமே வைப்பீர்கள், முகத்தில் நிழல் விழக்கூடாது என்று. சாப்பாட்டுக்கு நிழல் வேண்டும். ஒரு சாஃப்ட்பாக்ஸை அணைத்துவிடுங்கள். இன்னொன்றைத் தட்டுக்குப் பின்னால், கொஞ்சம் பக்கவாட்டில், அதிக உயரமில்லாமல் வையுங்கள். வெளிச்சம் இட்லியின் மேல் உரசிக்கொண்டு போக வேண்டும். துணியில் வெந்த இட்லியைக் கவிழ்த்து வைத்தால் அதில் துணியின் இழை பதிந்திருக்கும், இந்தச் சாய்வான வெளிச்சத்தில்தான் அது தெரியும். ஒன்றைக் கையாலேயே பிட்டு வையுங்கள், கத்தி வைத்தால் உள்ளே இருக்கும் கண்கள், அந்தச் சின்னச் சின்னத் துளைகள், நசுங்கிவிடும். முன்பக்கம் தெர்மாகோல் அட்டை வைத்து நிழலை இளக்குவது வழக்கம். இட்லிக்கு மட்டும் நான் ஒரு பக்கம் கறுப்பு சார்ட்டை நிறுத்துவேன், வெள்ளைத் தட்டில் வெள்ளை இட்லி கரைந்துபோகாமல் அதன் விளிம்பு எடுத்துக் காட்டும். ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்தால் கேமராவுக்குள் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் சொல்வதை அப்படியே கேட்காதீர்கள், அது எந்த வெள்ளையையும் சாம்பல் நிறமாக்கத்தான் பார்க்கும், அரை ஸ்டாப்பிலிருந்து ஒரு ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு) கூட்டிப் பாருங்கள். ஆவி வேண்டுமென்றால் பின்னணி இருட்டாகவும் வெளிச்சம் பின்னாலிருந்தும் வர வேண்டும், ஃபேனை நிறுத்த வேண்டும், அறை குளிர்ந்திருந்தால் இன்னும் நன்றாக விழும்.

சாம்பார். நேர் மேலிருந்து எடுத்தால் பழுப்பு வட்டம்தான் கிடைக்கும், யார் எடுத்தாலும். கேமராவைக் கீழே இறக்கி, பின்னால் இருக்கும் வெளிச்சம் சாம்பாரின் மேல் பட்டு லென்ஸுக்குள் திரும்பும் இடத்தைத் தேடுங்கள். அந்தக் கோணம் அகப்பட்டதும் தாளித்த எண்ணெய்ப் பொட்டுகள் ஒவ்வொன்றும் தனியாக மின்னும், முதலாளி கேட்கிற 'பளிச்' அதுதான், லைட்டின் அளவைக் கூட்டி அதைக் கொண்டுவர முடியாது. பருப்பு அடியில் இறங்கிவிடும், எடுப்பதற்குக் கொஞ்சம் முன்னால் கலக்கி ஊற்றச் சொல்லுங்கள்.

ஆழமான கிண்ணத்தில் முருங்கைக்காயும் சின்ன வெங்காயமும் மூழ்கிப் போகும். அடியில் ஒரு சின்னக் கிண்ணியைக் கவிழ்த்து வைத்துக் காயை மேலே ஏற்றுகிறவர்கள் உண்டு. நான் செய்வதில்லை. அமெரிக்காவில் கேம்ப்பெல் சூப் விளம்பரத்தில் கிண்ணத்துக்குள்ளே அடியில் கண்ணாடிக் கோலிகளைப் போட்டுக் காய்கறியை மேலே தூக்கிக் காட்டியிருந்தார்கள், அந்த நாட்டின் வர்த்தக ஆணையம் தலையிட்டது, இனிமேல் அப்படிச் செய்வதில்லை என்று 1970ல் கம்பெனி ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. படத்தில் ஆறு முருங்கைத் துண்டு தெரிந்து பார்சலில் ஒன்று வந்தால் சாப்பிடுகிறவர் ஹோட்டலைத் திட்டுவார், ஆனால் அந்தப் பொய்யைச் சொன்னது படம். தட்டையான, அகலமான கிண்ணம் எடுங்கள், ஒரு கரண்டியில் வருகிற காயே அதில் தானாக மேலே நிற்கும்.

இப்போது உங்கள் அண்ணன் சொன்னது. மேலே எழுதியதெல்லாம் கைவேலை, ஒரு மாதம் மெனக்கெட்டால் யாருக்கும் வரும். வராமல் கலையைப் பற்றிப் பேசுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் ரசத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு உருவம் கிடையாது, மேலே வைத்துக் காட்ட ஒன்றும் கிடையாது. நல்ல ரசத்தில் மேலே தெளிவு, அடியில் மண்டி, இரண்டுக்கும் நடுவே மெல்லக் கலங்குகிற ஒரு எல்லை. கண்ணாடி டம்ளரில் ஊற்றிப் பின்னாலிருந்து வெளிச்சம் விட்டால் அந்த எல்லை தேன் நிறத்தில் தெரியும். இதை எடுக்கச் சொல்லி எந்த வாடிக்கையாளரும் என்னிடம் கேட்டதில்லை. ரசத்தைத் தெளிவாக ஊற்றிக் குடித்து, அப்புறம் மண்டியைச் சோற்றில் பிசைந்து சாப்பிட்டவனுக்குத்தான் அதை எடுக்கத் தோன்றும். கையை அதற்குத் தயாராக வைத்திருப்பது தொழில், எதை எடுப்பது என்று முடிவு செய்கிற இடத்தில்தான் மற்றது இருக்கிறது. அந்த வடையின் நிழலை நீங்கள் எடுத்தீர்களா, பார்த்ததோடு விட்டுவிட்டீர்களா?

அடுப்படி_மதுரை:

நான் ஷூட்டுக்குச் சமைத்துக் கொடுத்து, தட்டில் அடுக்கியும் கொடுப்பவள். சார் லைட்டைப் பற்றி எல்லாம் சொல்லிவிட்டார், அடுப்புப் பக்கம் நடப்பதை நான் சொல்கிறேன்.

தம்பி, செட்டிங் பார்ப்பதற்கு ஒரு தட்டு, படத்துக்கு ஒரு தட்டு என்று இரண்டு கேளுங்கள். ஃபோகஸும் லைட்டும் முதல் தட்டில் முடிந்திருக்க வேண்டும், நல்ல தட்டு வந்ததும் கையோடு எடுத்துவிட வேண்டும். தோசை ஓரத்து முறுகல் சீக்கிரம் தளர்ந்துவிடும். வெண்பொங்கல் ஏசி அறையில் இறுகி நெய் உறைந்து மேலே வெள்ளையாகப் படியும், அதனால் கொதிக்கிற தண்ணீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்திருந்து, கொஞ்சம் வெந்நீரும் நெய்யும் விட்டுத் தளர்த்தித்தான் தட்டுக்குக் கொண்டுவருவேன். தாளிப்பைத் தனியாக வைத்துக்கொண்டு கடைசியில் போடுவேன். கறிவேப்பிலையின் படபடப்பு அடங்கியதும் எடுத்துவிட்டால் பச்சை நிற்கும், இன்னும் கொஞ்சம் விட்டால் கறுத்துவிடும். கொத்துமல்லி ஐஸ் தண்ணீரில் கிடக்கும். ஃபில்டர் காபி நுரைக்குச் சோப்பு நுரையை வைக்கிறவர்கள் இருக்கிறார்கள், நான் ஒவ்வொரு கிளிக்குக்கும் டபராவிலிருந்து திரும்ப ஆற்றித்தான் கொடுப்பேன். எடுத்து முடித்ததும் லைட் பிடித்த பையன் அதைக் குடிக்க வேண்டும், என் கணக்கு அவ்வளவுதான்.

நல்லா எடுக்கிறவர்கள் எல்லாரும் சமையல்கட்டுக்குள் வந்து நின்று பார்க்கிறவர்களாகவே இருந்திருக்கிறார்கள். கேமரா பின்னாலேயே நின்று "ரெடியா, ரெடியா" என்று கேட்பவர்களின் படத்தில் எனக்குப் பசி எடுத்ததே இல்லை.

கரிக்கோடு:

எனக்கு ஓவியமும் கறுப்பு வெள்ளைப் படமும்தான் பழக்கம், கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். எட்வர்ட் வெஸ்டன் என்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் 1930ல் கலிபோர்னியாவில் ஒரு குடைமிளகாயைத் தகரப் புனலுக்குள் வைத்துப் படம் எடுத்தார். புனலின் உட்புறம் வெளிச்சத்தைச் சுற்றிலும் சிதறடித்தது, எக்ஸ்போஷர், அதாவது ஃபிலிமில் வெளிச்சம் விழவிட்ட நேரம், பல நிமிடம் ஓடியது. பார்த்தால் முறுக்கிக்கொண்டு நிற்கும் மனித முதுகு. அதற்கு முன்னால் எத்தனையோ மிளகாய்களை எடுத்திருக்கிறார், எடுத்த காய்களைச் சாப்பிட்டும் இருக்கிறார். அதுதான் கலை என்பேன். மெனு கார்டுப் படத்துக்கு 'ஆர்டர் பண்ணு' என்ற ஒரே நோக்கம் இருக்கும்போது அதில் கலைக்கு எங்கே இடம்?

வடக்கு_ஜன்னல்:

வெஸ்டன் மேல் எனக்கும் பெரிய மரியாதை உண்டு. அந்தத் தகரப் புனல் ஒன்றே போதும், கைவேலையில் அவர் எவ்வளவு ஊறியவர் என்று தெரிந்துகொள்ள. ஆனால் மிளகாயை மிளகாயாகப் பார்க்கவிடாமல் செய்வது அவர் வழி. என் வேலை அதற்கு நேர்மாறு, பார்க்கிறவருக்கு அது அந்த இட்லியாகவே, இன்னும் அதிகமாக இட்லியாகத் தெரிய வேண்டும். அது சுலபம் என்று நினைக்காதீர்கள்.

ஓவியத்திலும் இந்த வழி இருக்கிறது. மிலானில் இருக்கும், இத்தாலிய ஓவியர் கரவாஜ்ஜோவின் பழக்கூடை ஓவியத்தைப் பாருங்கள், 1600ஐ ஒட்டி வரைந்தது. ஆப்பிளில் பூச்சி துளைத்த ஓட்டை, திராட்சை இலை ஓரம் சுருண்டு காய்ந்திருக்கும். பழத்தை வேறு எதுவாகவும் மாற்றாமல் கண்ணெதிரே இருந்ததை விடாமல் பார்த்திருக்கிறார். நான் வாழை இலையில் எடுக்கும்போது ஓரம் கிழிந்திருந்தால் மாற்றச் சொல்வதில்லை. லென்ஸ் முன்னால் மாட்டிப் பளபளப்பைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டரை முழுக்கத் திருப்பி இலையின் பளபளப்பை எல்லாம் துடைப்பதும் இல்லை, பாதியில் நிறுத்துவேன். பளபளப்பு மொத்தமும் போனால் தண்ணீர் தெளித்துத் துடைத்த இலை என்பதே தெரியாது. வாடிக்கையாளர் பணம் கொடுத்தார் என்பதற்காக இந்த முடிவுகள் எனக்குச் சின்னதாகத் தோன்றியதில்லை. பணம் வாங்கிக்கொண்டு வரைந்தவர்கள்தானே அந்தக் காலத்து ஓவியர்களும்.

திருச்சி_கேமரா:

ரொம்ப நன்றி சார், அக்கா, எல்லாருக்கும். லைட்டைப் பின்னால் கொண்டுபோனதும் இட்லிக்கு விளிம்பு வந்துவிட்டது, சாம்பார் எண்ணெய் மின்னுகிறது. வடையின் நிழலை அன்றைக்கு எடுக்கவில்லை, நாளைக்கு எடுக்கப் போகிறேன். ஒரே சிக்கல், ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்தால் இட்லியின் ஒரு பக்கம் லேசாகப் பச்சை அடிக்கிறது. கேமராவில் வெள்ளையை வெள்ளையாகக் காட்டச் சரிசெய்யும் வொய்ட் பேலன்ஸை மாற்றினால் மறுபக்கம் ஊதாவாகிறது.

வடக்கு_ஜன்னல்:

மேலே டியூப் லைட் எரிகிறது. ஜன்னலும் டியூபும் கலந்தால் எந்த வொய்ட் பேலன்ஸும் காப்பாற்றாது, ஒன்றை அணைத்தாக வேண்டும். ஆள் சாப்பிடும் நேரத்தில் அணைக்க விடமாட்டார்கள், அதனால் மதியச் சாப்பாட்டுக் கூட்டம் கலைந்தபின் மூன்று மணிக்குப் போங்கள், மாலை டிபனுக்கு முன்னால் ஒரு மணி நேரம் ஹால் காலியாக இருக்கும். அந்த நேரத்தில் இட்லி இருக்காது, ஒரு ஈடு தனியாக ஊற்றித் தரச் சொல்லி முதலாளியிடம் காலையிலேயே பேசி வையுங்கள்.