கொடுவா மீனுக்கு ஒன்னு, கரையில இருந்து வீச ஒன்னு, எந்த தூண்டில் ராடு வாங்கலாம்?

வணக்கம் அண்ணன்மாரே, ஒரு உதவி வேணும். நான் முட்டுக்காடு பக்கம் முகத்துவாரத்துல கொடுவாவுக்கு லூர் (மீன் மாதிரி செயற்கை இரை) போடுறவன், லீவு நாள்ல கோவளம் கடற்கரையில நின்னு இறால், மத்தி கோத்து பாறை மீனுக்கும் வீசுவேன். இதுவரைக்கும் ரெண்டுக்கும் ஒரே 9 அடி கிளாஸ் ஃபைபர் ராடுதான், லூர் போட்டு ஒரு மணி நேரத்துல மணிக்கட்டு விட்டுப் போகுது, மீன் லேசா தட்டுனா கைக்கே தெரியல.

போன வாரம் நல்ல கொடுவா ஒன்னு மாட்டி ரெண்டு தடவ துள்ளிச்சு, அப்புறம் பிரெய்டு (பின்னல் தூண்டில் நூல்) பட்டுனு அறுந்துருச்சு. வீட்டுக்கு வந்து ராடோட நுனியில நூல் போற வளையத்துக்குள்ள பஞ்ச விட்டு சுத்திப் பாத்தா நூல் நூலா சிக்குது, செராமிக்ல முடி மாதிரி ஒரு விரிசல். மனசே ஆறல.

அதனால இப்ப தனித்தனியா ரெண்டு வாங்கப் போறேன். லூருக்கு 7 அடி கார்பன், மீடியம் ஹெவி (கொஞ்சம் விறைப்பு), ஃபாஸ்ட் ஆக்‌ஷன் (நுனிப்பக்கம் மட்டும் வளையுறது), 10-ல இருந்து 30 கிராம் வரைக்கும் வீசுறது போதும்னு நெனைக்கிறேன், சரியா? கரைக்கு 12 அடி எடுக்கவா, 10 அடியே போதுமா, 100 கிராம் ஈயம் கட்டணும், அலை தாண்டி விழணும். ரெண்டும் சேத்து பட்ஜெட் 9,000 ரூபா. ஷிமானோ, டைவா, ஒகுமா எது வச்சிருந்தாலும் உப்புத்தண்ணில வளையம், ரீல் சீட் (ரீல் மாட்டுற இடம்) எத்தன வருஷம் தாங்குச்சுன்னு சொல்லுங்க, அதான் எனக்கு முக்கியம்.