பாப்பாவுக்கு எந்த நாய்க்குட்டி?

குழு: வேம்படி வீட்டுச் சொந்தங்கள்
சனிக்கிழமை

நான்:
எல்லாருக்கும் காலை வணக்கம். ஒரு யோசனை கேட்க வேண்டும். பாப்பா ஏழாம் வகுப்புக்கு வந்ததிலிருந்து நாய்க்குட்டி வேண்டும் என்று ஒரே பிடிவாதம். வீடியோ பார்த்துப் பார்த்து ஹஸ்கிதான் வேண்டுமாம். அவரும் சரி என்று சொல்லிவிட்டார். நம் குடும்பத்தில் முக்கால்வாசிப் பேர் வீட்டில் நாய் இருக்கிறது. நீங்கள் எல்லாரும் எதைப் பார்த்து உங்கள் நாயைத் தேர்ந்தெடுத்தீர்கள்? அதைச் சொன்னால் எங்களுக்கு ஒரு தெளிவு வரும். எங்களுடையது இரண்டாவது மாடி, இரண்டு படுக்கையறை. மதுரை வெயில் உங்களுக்கே தெரியும்.

நாமக்கல் தம்பி:
அக்கா, ஹஸ்கிக்கு முன்பணம் எதுவும் கொடுத்துவிடாதே. கால்நடைக் கிளினிக்கில் டியூட்டி முடிந்ததும் எழுதுகிறேன்.

நான்:
இன்னும் கொடுக்கவில்லைடா. முதலில் இங்கேதான் கேட்கிறேன்.

தாம்பரம் சித்தப்பா:
எங்கள் வீட்டுக்கு லாப்ரடார் வந்தது உன் தம்பிகளுக்காகத்தான்மா. சின்னவனுக்கு அப்போது மூன்று வயது. எந்தப் பிராணியைக் கண்டாலும் வாலைப் பிடித்து இழுப்பான். அவன் பிடித்து இழுத்தாலும் பொறுத்துக்கொள்கிற நாயாக வேண்டும் என்று டாக்டரிடம் கேட்டோம். லாப்ரடார் பாருங்கள், ஆனால் குட்டியைப் பார்க்குமுன் தாயைப் பாருங்கள் என்றார். போய்ப் பார்த்தோம். தாய் நாய் எங்களைக் கண்டதும் எழுந்து வந்து சின்னவன் கையை நக்கியது. அன்றைக்கே முடிவு செய்துவிட்டோம்.

தாம்பரம் சித்தப்பா:
இப்போதும் காலையில் பேப்பர் விழும் சத்தம் கேட்டால் புரூனோ ஓடிப்போய்க் கவ்விக்கொண்டு வருவான். ஓரம்கூடக் கிழியாது. யாரும் பழக்கவில்லை.

நாமக்கல் தம்பி:
அது அவன் ரத்தத்தில் இருக்கிறது சித்தப்பா. லாப்ரடாரின் முன்னோர்கள் கனடாவில் நியூஃபவுண்ட்லாந்து மீனவர்களிடம் இருந்த நாய்கள். வலையில் இருந்து நழுவும் மீனையும் கயிற்றையும் தண்ணீரில் குதித்து எடுத்து வரும். பிறகு இங்கிலாந்துக்குப் போய், சுட்டு விழுந்த பறவையைச் சேதம் இல்லாமல் கொண்டுவரப் பழக்கினார்கள். அதனால்தான் வாய் அவ்வளவு மென்மை.

சித்தி:
வாய் மென்மைதான். வயிறுதான் நிறையவே மாட்டேன் என்கிறது. வைத்ததைத் தின்றுவிட்டு, ஒன்றுமே வைக்காத மாதிரி நம் முகத்தையே பார்க்கும்.

நாமக்கல் தம்பி:
சித்தி, அதற்கும் காரணம் உண்டு. 2016-இல் கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தார்கள். லாப்ரடார்களில் ஏறக்குறைய கால்வாசிக்கு, வயிறு நிறைந்ததை மூளைக்குச் சொல்லும் மரபணுவில் ஒரு துண்டு விட்டுப்போயிருக்கிறது. பாவம், அதற்கு உண்மையிலேயே பசிக்கும். முகத்தைப் பார்த்துச் சோறு போடாதீர்கள். விலாவைத் தடவிப் பாருங்கள், எலும்பு கைக்கு லேசாகத் தட்டுப்பட வேண்டும். எடை கூடினால் இடுப்பு மூட்டு போய்விடும்.

சித்தி:
அளந்துதான் வைக்கிறேன்பா. ஹாலில் டைல்ஸ் வழுக்குகிறது என்று தேங்காய் நார் மிதியடி முழுக்கப் போட்டுவிட்டேன்.

சாத்தூர் பெரியப்பா:
தாயி, இப்போதுதான் தோட்டத்தில் இருந்து வந்தேன். என் கதை வேறே. நான் தேடிப்போய் எடுக்கவில்லை. எங்கள் அப்பா காலத்தில் இருந்தே வீட்டில் சிப்பிப்பாறை, கன்னி என்கிற நாட்டு வேட்டை நாய்கள்தான். சிப்பிப்பாறை ஊர் நமக்கு எட்டின தூரம்தானே. அந்தக் காலத்தில் கரிசல் காட்டில் முயல் விரட்டப் போவார்கள். 1972-இல் வன உயிரினச் சட்டம் வந்தது, அப்புறம் அந்த வழக்கம் நின்றுபோனது, நின்றதும் நல்லதுதான். நாயை மட்டும் நாங்கள் விடவில்லை.

சாத்தூர் பெரியப்பா:
[புகைப்படம்]
இது ராணி. வயிறு எப்படி ஒட்டிக் கிடக்கிறது பார். பட்டினி போட்டிருக்கிறேன் என்று டவுனில் இருந்து வருகிறவர்கள் கேட்பார்கள். அதன் வாகே அதுதான். நெஞ்சு ஆழம், இடுப்பு ஒடுக்கம், வால் சாட்டை மாதிரி. மயிர் குட்டை, அதனால் உண்ணி ஏறினால் கண்ணுக்குத் தெரிந்துவிடும். சித்திரை வெயிலில் மக்காச்சோளக் காட்டை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து வேப்பமரத்து நிழலில் படுத்தால் கொஞ்ச நேரத்தில் மூச்சு அடங்கிவிடும். காட்டுப்பன்றி வந்தால் ஒரு குரல் கொடுக்கும், நான் டார்ச் எடுத்துக்கொள்வேன். கேப்பைக் கூழும் மோரும் போதும், வாரத்தில் நாலு நாள் முட்டை.

நாமக்கல் தம்பி:
பெரியப்பா, அரியானாவில் கர்னாலில் இருக்கும் தேசிய விலங்கு மரபுவளப் பணியகம் முதன்முதலில் பதிவு செய்த நாய் இனம் மூன்று. அதில் இரண்டு நம் பக்கத்துச் சரக்கு. சிப்பிப்பாறை, ராஜபாளையம். மூன்றாவது கர்நாடகத்து முதோல்.

சாத்தூர் பெரியப்பா:
கேட்கவே சந்தோஷமாக இருக்கிறதுப்பா. கன்னிக் குட்டியை விலைக்கு விற்கக் கூடாது, வேண்டியவர்களுக்குச் சீராகத்தான் கொடுக்க வேண்டும் என்று அப்பா சொல்வார். நானும் அப்படித்தான் கொடுத்து வருகிறேன். ஆனால் தாயி, உனக்குத் தர மாட்டேன். கோபித்துக்கொள்ளாதே. மாடி வீட்டில் அடைத்தால் அது குமைந்துபோகும். ஓட இடம் வேண்டும், ஒரே ஆளிடம்தான் ஒட்டும், வருகிற போகிறவர்களை எல்லாம் சேர்த்துக்கொள்ளாது.

நான்:
இதில் கோபிக்க என்ன இருக்கிறது பெரியப்பா. கேட்டதே இதற்குத்தான்.

ராஜபாளையம் மாமா:
மருமகளே, எங்கள் ஊர் பேரை வைத்த நாயை எங்கள் வீட்டில் வளர்க்காமல் யார் வளர்ப்பது? 2005 ஜனவரியில் தபால்துறை நாலு இந்திய நாய்களுக்குத் தபால்தலை போட்டது. அதில் ராஜபாளையமும் ஒன்று. அந்தத் தபால்தலையை வாங்கிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன். அப்போதே முடிவு செய்தேன், வீடு கட்டி, சுற்றுச்சுவர் எடுத்த பிறகு ஒன்று வளர்ப்பது என்று.

ராஜபாளையம் மாமா:
குட்டி எடுத்த கதையைச் சொல்கிறேன். பால் வெள்ளை, மூக்கு ரோஸ் நிறம், பார்த்தாலே கை பரபரக்கும். ஆனால் இந்த வெள்ளையில் காது கேளாத குட்டிகள் விழும். கூடப் பிறந்தவற்றோடு இருக்கும்போது தெரியாது. மற்றவை எழுந்தால் அதுவும் எழும், மற்றவை ஓடினால் பின்னாலேயே ஓடும். அதனால் ஒவ்வொரு குட்டியையும் தனியாகச் சாக்கு விரிப்பின் மேல் விடச் சொன்னேன். அது வேறு பக்கம் பார்க்கும் நேரம், முதுகுக்குப் பின்னால் எட்ட நின்று, எவர்சில்வர் டம்ளரில் கரண்டியால் ஒரு தட்டு. தரையில் தட்டக் கூடாது, அதிர்வு காலுக்குத் தெரிந்துவிடும். கைக்காற்றும் மேலே படக் கூடாது. கேட்கிற குட்டி உடனே காதை மடக்கும், திரும்பும். இருந்ததிலேயே கொழுகொழு என்று அழகாக இருந்த ஒன்று கடைசி வரை திரும்பவே இல்லை. மெலிந்த ஒரு பெட்டை சட்டென்று திரும்பி என்னைப் பார்த்தது. அதுதான் இப்போது வாசலில் கிடக்கும் மகாராணி.

நான்:
அந்தத் திரும்பாத குட்டி என்ன ஆயிற்று மாமா?

ராஜபாளையம் மாமா:
வைத்திருந்தவரே வளர்க்கிறார்மா. விற்காதீர்கள் என்று நான் சொன்னேன், அவரும் நல்ல மனிதர். கை சைகைக்குப் பழகிவிட்டது. கேட்டைத் தாண்டி மட்டும் தனியாக விடுவதில்லை, பின்னால் வண்டி வந்தால் அதற்குத் தெரியாது.

நாமக்கல் தம்பி:
மாமா செய்தது சரியான முறை. உள்காதிலும் நிறம் தரும் செல்கள் இருக்க வேண்டும். தோலை வெளுப்பாக்கும் மரபணு சில குட்டிகளில் அங்கேயும் அந்தச் செல்களை இல்லாமல் செய்துவிடும். பிறந்த சில வாரத்திலேயே கேட்கும் திறன் போய்விடும். வெள்ளை உடம்பில் புள்ளி இருக்கும் டால்மேஷியன் நாய்க்கும் இதே பிரச்சினை உண்டு. ஒரு காது மட்டும் கேட்கிற குட்டி டம்ளர் சோதனையில் தப்பித்துவிடும், அதற்கு மூளை அலைகளைப் பதியும் கருவிதான் வேண்டும்.

திருச்சி அண்ணன்:
நான் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜெர்மன் ஷெப்பர்ட். சின்ன வயதில் ஆயுதப்படை மைதானத்தில் போலீஸ் நாய் மோப்பம் பிடிப்பதைப் பார்த்தேன், அன்று முதல் ஆசை. தினமும் காலை ஒரு மணி நேரம், மாலை ஒரு மணி நேரம் அதற்கு வேலை கொடுக்கிறேன். வேலை கொடுக்காவிட்டால் அதுவே ஒரு வேலையைத் தேடிக்கொள்ளும், சோபா போய்விடும். உங்கள் இருவருக்கும் ஆபீஸ். யோசித்துக்கொள்.

பெங்களூரு அக்கா:
நான் இனத்தையே பார்க்கவில்லைடி. கூட வேலை பார்த்தவர்கள் வெளிநாடு கிளம்பினார்கள், ஐந்து வயது பக் நாயை யாராவது எடுத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டார்கள். 2003-இல் ஹட்ச் செல்போன் விளம்பரத்தில் அந்தச் சின்னப் பையன் பின்னாலேயே ஓடியதே, அது வந்த பிறகு ஊரெல்லாம் பக்தான். எனக்கும் அந்த முகம் பிடிக்கும். ஆனால் எடுத்ததற்குக் காரணம் அது இல்லை. போய்ப் பார்த்தபோது பெட்டிகள் கட்டி அடுக்கிய வீட்டில், காலணி வைக்கும் இடத்தில் படுத்திருந்தது. விட்டுவிட்டு வர முடியவில்லை.

பெங்களூரு அக்கா:
ஆனால் ஒன்று. அழகுக்காக மூக்கைத் தட்டையாக்கித் தட்டையாக்கி, மூச்சு விடவே அதற்குத் திண்டாட்டம். நாய்க்கு உடம்புச் சூடு தணிவதே இரைப்பதில்தான். இரைக்க வழி இல்லாவிட்டால் என்ன ஆகும்? பெங்களூரிலேயே ஏப்ரலில் ஏசி போட்டுத்தான் வைத்திருக்கிறேன். கழுத்துப்பட்டை கிடையாது, நெஞ்சுப்பட்டைதான். முகத்து மடிப்பைத் தினமும் துடைத்து ஈரம் எடுக்க வேண்டும். இருக்கிற பக்கை எடுத்து வளர்க்கலாம். புதிதாகக் குட்டி போட வைத்து விற்பவர்களிடம் காசு கொடுத்து வாங்காதே.

நாமக்கல் தம்பி:
அக்கா சொல்வதை அப்படியே ஆமோதிக்கிறேன். இப்போது ஹஸ்கிக்கு வருகிறேன். சைபீரியாவின் கிழக்குக் கோடியில் சுக்சி மக்கள் பனிச்சறுக்கு வண்டி இழுக்க வளர்த்த நாய் அது. இரண்டு அடுக்கு மயிர், உள்ளே கம்பளி, மேலே முரட்டு மயிர். ஒரு மூச்சில் பல மைல் ஓடுவதற்கென்றே பிறந்தது. அதை இரண்டாவது மாடியில், பகல் முழுக்கப் பூட்டி வைத்து, மதுரையின் 40 டிகிரியில் வளர்க்க வேண்டுமா? மயிரை வழித்துவிட்டால் போகும் என்பார்கள். வழித்தால் வெயில் நேராகத் தோலில் விழும், மயிரும் பழையபடி வளராமல் போகலாம். 2024-இல் வந்த தமிழ்நாடு நாய் இனப்பெருக்கக் கொள்கையிலேயே ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட், பக் எல்லாம் இந்தத் தட்பவெப்பத்துக்கு ஒவ்வாதவை, இங்கே குட்டி போட வைக்கக் கூடாது என்று எழுதியிருந்தார்கள். கோடையில் கிளினிக்குக்குத் தூக்கி வருகிறார்கள், நாக்கு செங்கல் நிறத்தில் இருக்கும், ஈரத்துணி போர்த்தி, ஃபேனைத் திருப்பி வைத்துக்கொண்டு நிற்போம். எல்லாம் பிழைப்பதில்லை அக்கா.

நான்:
பாப்பாவிடம் படித்துக் காட்டினேன். முகம் வாடிவிட்டது. என் போனைக் கேட்கிறாள், தருகிறேன்.

நான்:
எல்லாருக்கும் வணக்கம், நான் பாப்பா டைப் செய்கிறேன். நாமக்கல் மாமா, நாக்கு அப்படி ஆகும் என்று எனக்குத் தெரியாது. எனக்கு ஹஸ்கி வேண்டாம். அந்த வீடியோவில் அது ஒரு அக்காவோடு பேசிக்கொண்டே இருந்தது, அதனால்தான் கேட்டேன். நான் ஸ்கூல் விட்டு வந்தால் அம்மா வரும்வரை வீட்டில் தனியாகத்தான் இருப்பேன். பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். ஓடவெல்லாம் வேண்டாம்.

பெங்களூரு அக்கா:
தங்கம்.

சாத்தூர் பெரியப்பா:
பிள்ளை இப்போதுதான் விஷயத்தைச் சொல்லியிருக்கிறது. இதை வைத்துப் பாருங்கள்.

கோவை அத்தை:
கண்ணு, பாட்டி காலையில் இருந்து படித்துக்கொண்டேதான் இருக்கிறேன். எங்கள் வீட்டு மணியை உனக்குத் தெரியும்தானே? தெரு நாய்தான். தாத்தா தவறிப்போன பிறகு வீடு வெறிச்சென்று ஆயிற்று. குட்டி வளர்க்க எனக்குத் தெம்பு இல்லை. குட்டி என்றால் ராத்திரி நாலு தடவை எழ வேண்டும், கண்டதைக் கடிக்கும். அதனால் பெரிய நாயாகத்தான் பார்த்தேன். எங்கள் தெருவில் சோறு வைக்கும் பெண்கள், இது சாது, பிள்ளைகளோடு பழகியது, கருத்தடை ஆகிவிட்டது என்று சொல்லிக் கொடுத்தார்கள். வளர்ந்த நாயில் ஒரு நிம்மதி, குணம் என்ன என்று முன்னாலேயே தெரிந்துவிடும். குட்டியில் அது தெரியாது.

கோவை அத்தை:
இங்கே இப்போது ஒரு பெட்டை இருக்கிறது. இரண்டு வயது என்று டாக்டர் சொல்கிறார். செவலை நிறம், ஒரு காது மடங்கியிருக்கும். வளர்த்த குடும்பம் வீடு மாறும்போது விட்டுவிட்டுப் போய்விட்டது. அதுவும் மாடி வீட்டில் இருந்ததுதான், வெளியே கூட்டிப்போனால்தான் ஒன்றுக்கு இருக்கும். ஊசி எல்லாம் போட்டாயிற்று. பகலில் தூங்கும், சாயங்காலம் ஆள் வந்தால் பக்கத்திலேயே உட்காரும்.

நாமக்கல் தம்பி:
அத்தை, தடுப்பூசி அட்டையைப் படம் எடுத்து அனுப்புங்கள். வெறிநாய்க்கடி ஊசித் தேதி முக்கியம். ரத்தப் பரிசோதனையில் உண்ணிக் காய்ச்சலும் பார்த்துவிடலாம். அக்கா, நாட்டு நாய்க்கு இந்த வெயில் ஒத்துக்கொள்ளும், மயிர் கொட்டுவதும் குறைவு. முதல் இரண்டு வாரம் பாப்பாவோடு தனியாக விடாதே, பெரியவர்கள் யாராவது கூட இருங்கள். நீ லீவு போட்டால் நல்லது.

நான்:
இரண்டு வாரம் வீட்டிலிருந்தே வேலை செய்யக் கேட்கிறேன். ஆனால் எங்கள் குடியிருப்புச் சங்கத்தில் நாய்க்கு ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்று கீழ்வீட்டில் சொல்கிறார்கள்.

திருச்சி அண்ணன்:
சங்கம் தடை போட முடியாது. விலங்கு நல வாரியம் 2015-இலேயே வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. லிஃப்டில் ஏற்றாதே என்றும் சொல்ல முடியாது. நீ அசுத்தத்தை அள்ளிவிடு, வாரைப் பிடித்தே கூட்டிப்போ, மாநகராட்சி உரிமம் எடுத்து வைத்துக்கொள். மற்றதை நான் பேசுகிறேன், செயலாளர் நம்பரை அனுப்பு.

கோவை அத்தை:
அடுத்த ஞாயிறு மூவரும் வாருங்கள். சாப்பாடு இங்கேதான். பாப்பா, பாட்டி சொல்வதைக் கேட்டுக்கொள். வந்ததும் கட்டிப்பிடிக்கப் போகாதே. தலைக்கு மேலே கையைக் கொண்டுபோகாதே. தரையில் பக்கவாட்டாக உட்கார்ந்து, கதைப் புத்தகத்தைப் படித்துக்கொண்டிரு. அதுவாக வந்து முகரும். முகர்ந்த பிறகு நெஞ்சுப் பக்கம் தடவு. அன்று வராவிட்டால் கவலைப்படாதே, இன்னொரு ஞாயிறு வாருங்கள்.

நான்:
பாட்டி, பாப்பா கேட்கிறேன், அதற்குப் பெயர் என்ன?

கோவை அத்தை:
தெரியாது கண்ணு. பழைய ஆட்கள் என்ன பெயர் வைத்தார்களோ, நாங்கள் செவலை என்று கூப்பிடுகிறோம், திரும்பிப் பார்க்கிறது.

நான்:
அத்தை, நான்தான். காலை ஆறு மணி பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவோம். திரும்பி வர கார் ஏற்பாடு செய்ய வேண்டுமா?

ராஜபாளையம் மாமா:
வண்டி நான் எடுத்து வருகிறேன் மருமகளே. சனிக்கிழமையே மதுரைக்கு வந்துவிடுகிறேன். பின் சீட்டில் விரிக்கப் பழைய போர்வை ஒன்று எடுத்து வை.