மலேசியா, சுங்கை சிப்புட்: பழைய கடைவீட்டில் வாழையிலைக் கடை. கன்ட்ரேக்டர் சொல்வது சரியா?

இலைக்கடை
டவுனில் ஒரு பழைய கடைவீடு வாடகைக்குப் பேசி வைத்திருக்கிறோம். முகப்பில் 1926 என்று போட்டிருக்கு. மாடித் தரை பலகை, கூரை பழைய ஓடு, நடுவில் திறந்த முற்றம். காலையில் பசியாற ரொட்டி சானாய், தோசை. மதியம் வாழையிலைச் சாப்பாடு. நாற்பது பேர் உட்காரலாம். சுவரில் இடுப்புயரம் வரை உப்புப் பூத்து, பூச்சு பொரிந்து விழுது. அதைச் சுரண்டி சிமெண்ட் பூசி, டைல்ஸ் ஒட்டி, முற்றத்தைத் தகடு போட்டு மூடி ஏர்கான் வைக்கலாம் என்கிறார் கன்ட்ரேக்டர். செய்யலாமா? புகைக் குழாயை எந்தப் பக்கம் ஏற்றுவது?

சுண்ணாம்புச்சட்டி
சிமெண்ட் வேண்டவே வேண்டாம் அண்ணே. அந்தக் காலத்துச் செங்கல் சுவருக்கு அடியில் ஈரம் தடுக்கும் அடுக்கு பெரும்பாலும் இருக்காது. மண்ணின் ஈரம் மேலே ஏறும், சுண்ணாம்புப் பூச்சு வழியாகக் காற்றில் போய்விடும். சிமெண்டும் டைல்ஸும் அந்த வழியை அடைத்துவிடும். அப்புறம் ஈரம் டைல்ஸுக்கு மேலே போய்த்தான் வெளிவரும்; இடுப்பளவு உப்பு தலைக்கு மேல் பூக்கும். இன்னும் ஏறினால் சுவருக்குள் செருகியிருக்கும் மாடி உத்தரத்தின் நுனி உளுத்துப்போகும்.

முதலில் தண்ணீர் எங்கிருந்து வருது என்று பாருங்கள். ஓட்டு ஓரத்து மழைநீர்த் தகரவாரி ஒழுகுதா, பின் லோரோங் (சந்து) வாய்க்கால் அடைத்திருக்கா, கடை முன்னால் இருக்கும் அஞ்சடி நடைபாதைத் தரை உள் தரையைவிட மேடாகிவிட்டதா? அதைச் சரிசெய்யாமல் சுவரில் கை வைத்தால் காசுதான் போகும்.

பூச்சை ஈரக் கோட்டுக்கு ஒரு அடி மேல் வரை எடுத்துவிட்டு, செங்கலைக் காய விடுங்கள். வாரக் கணக்கில் ஆகும், அவசரப்பட முடியாது. உப்பைக் காய்ந்த தூரிகையால் தட்டிக் கூட்டுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் திரும்ப உள்ளேதான் போகும். பிறகு ஊறிய சுண்ணாம்பு 1 பங்கு, உப்பில்லாத கூர்மணல் 3 பங்கு. ஒரு கோட் 10 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது, தடித்தால் வெடிக்கும். சில நாள் ஈரச் சாக்கு தொங்கவிட்டு மெதுவாக இறுக விடுங்கள். மேலே வெள்ளையடிப்புதான், பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்தால் பழைய கதைதான்.

இலைக்கடை
சமையல்கட்டுச் சுவர் கழுவுகிற மாதிரி இருக்கணும் என்று மஜ்லிஸ்காரர் (நகராண்மைக் கழக அதிகாரி) கேட்பாரே?

சுண்ணாம்புச்சட்டி
கேட்பார், அது நியாயம்தான். சுவரில் ஒட்டாதீர்கள். துருப்பிடிக்காத இரும்புச் சட்டம் நிறுத்தி, 25 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு ஸ்டெயின்லெஸ் தகடு அடியுங்கள். கீழும் மேலும் காற்றுப் போக வழி வையுங்கள், எலி நுழையாமல் வலை போடுங்கள். ஆணியைச் செங்கல்லில் அடிக்காமல் சாந்து மூட்டில் அடியுங்கள். பக்கத்துக் கடையோடு பொதுவான சுவர் என்றால் பைப்புக்குப் பள்ளம் வெட்டவே கூடாது.

அடுப்படி
முற்றத்தை மூடினால் அடுப்புச் சூடு கடைக்குள்ளேயே நிற்கும். ஏர்கான் நாள் முழுக்க அதோடு மல்லுக்கட்டும், கரண்ட் பில்தான் ஏறும். மழைக்குத் தகடு வேண்டுமானால் கூரைக்கு மேல் ஒன்றரை அடி தூக்கிப் போடுங்கள், நாலு பக்கமும் திறந்திருக்கட்டும்.

சமையல்கட்டை முற்றத்துக்குப் பின்னால் வையுங்கள். புகைக் குழாய் முற்றம் வழியாக ஓட்டுக்கு மேல் போகணும். மாடிப் பலகையைத் துளைத்துக் கொண்டுபோகிற யோசனையே வேண்டாம். குழாய்க்குள் எண்ணெய் படியும், தீப்பிடித்தால் பலகைதான் முதலில். மரத்திலிருந்து 450 மில்லிமீட்டராவது தள்ளி, வளைவுக்கு வளைவு திறந்து துடைக்கும் மூடி வையுங்கள்.

கேஸ் தோம்பை (சிலிண்டரை) வாய்க்கால் ஓரம் வைக்காதீர்கள். சமையல் கேஸ் காற்றைவிடக் கனம். கசிந்தால் தரையோடு ஊர்ந்து வாய்க்காலில் இறங்கி நிற்கும். பின் லோரோங் பக்கம், காற்றோட்டமான கம்பிக் கூண்டு நல்லது.

கழுவின தண்ணீரிலிருந்து எண்ணெயைப் பிரித்துப் பிடிக்கும் எண்ணெய்த் தொட்டிதான் பலர் கோட்டை விடும் இடம். பாத்திரம் கழுவும் தொட்டி இரண்டு இருந்தால், இரண்டையும் ஒரேநேரம் திறந்தால் வரும் தண்ணீரையாவது அது தாங்கணும். சின்னதாக இருந்தால் எண்ணெய் ஆறி மிதக்க நேரமில்லாமல் நேராகப் போய்விடும். அதற்கு முன்னால் சல்லடைக் கூடை அவசியம். சோறு உள்ளே போனால் ஊறிப் புளித்து நாறும். மேலே மிதக்கிற எண்ணெயும் அடியில் தங்கின கசடும் சேர்ந்து ஆழத்தில் கால்வாசி வந்தால் அள்ளணும். குழம்புக் கடைக்கு வாரம் ஒருமுறை என்று வையுங்கள். கொதிநீர் ஊற்றினால் எண்ணெய் உருகி வாய்க்காலில் போய் உறையும்.

அஞ்சடிவாசி
ரொட்டிக் கல்லை அஞ்சடியில் வைக்க ஆசை வரும். தெரு, வடிகால், கட்டடச் சட்டம் 1974 படி அது நடைபாதை, அடைத்தால் எடுக்கச் சொல்வார்கள். வாசற்படிக்கு உள்ளே வையுங்கள், வாசனை எப்படியும் ரோட்டுக்குப் போகும்.

சமைப்பவர், பரிமாறுபவர் எல்லாருக்கும் உணவு கையாளுவோர் பயிற்சியும் டைபாய்டு ஊசியும் வேண்டும். ஊசி 3 வருஷத்துக்கு ஒருமுறை. 2009 உணவுச் சுகாதார விதிப்படி சுகாதார அமைச்சிலும் கடையைப் பதியணும். மஜ்லிஸ் லைசென்ஸ் தனி. முகப்பில் பலகை மாட்டுமுன் அளவையும் எழுத்தையும் காட்டிக் கேளுங்கள். பலகைக்கும் லைசென்ஸ் உண்டு. அந்த 1926-ஐ மறைத்து மாட்டாதீர்கள், பாவம்.

சுண்ணாம்புச்சட்டி
கையெழுத்துப் போடுமுன் ஒன்று: ஸ்குரூடிரைவரோடு மாடி ஏறி, உத்தரம் சுவரில் நுழையும் இடத்தைக் குத்திப் பாருங்கள். உள்ளே புதைந்தால் கறையானோ உளுப்போ. மாற்றும் செலவு வீட்டுக்காரருக்கு என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். அதுவரை அரிசி மூட்டையை மாடியில் அடுக்க வேண்டாம்.