மதியமானால் கொதிக்கும் வைஃபை எக்ஸ்டெண்டர், அடிக்கடி அறுந்துபோகும் இணைப்பு

மாடிவீடு:
வணக்கம். கீழ் ஹாலில் ஃபைபர் ரவுட்டர் இருக்கிறது. மாடி அறைக்காக, ப்ளக்கில் நேரடியாகச் செருகும் வகை டூயல் பேண்ட் (2.4, 5 கிகாஹெர்ட்ஸ்) எக்ஸ்டெண்டர், அதாவது ரவுட்டரின் வைஃபையை வாங்கித் திரும்ப அனுப்பும் கருவி, போட்டிருக்கிறோம். வாங்கி இரண்டு வருடம். காலையில் ஒரு தொல்லையும் இல்லை. மதியம் 2 மணிக்கு மேல் தொட்டால் கை சுடுகிறது. நெட் போகிறது, சில நிமிடத்தில் வருகிறது, மறுபடி போகிறது. கழற்றி அரை மணி ஆறவைத்தால் கொஞ்ச நேரம் ஓடும். மேற்குச் சுவர், திரைச்சீலைக்குப் பின்னால் ஒரு மல்டிபிளக்கில் செருகியிருக்கிறது. அயர்ன் பாக்ஸும் அதில்தான் போடுவோம். மேலே மொட்டை மாடி. சின்ன ஃபேன் வைத்தால் போதுமா, புதிதாக வாங்க வேண்டுமா?

செப்புக்கம்பி:
மற்றதெல்லாம் பிறகு, முதலில் அந்த மல்டிபிளக்கிலிருந்து கழற்றுங்கள். 1000 வாட் அயர்ன் பாக்ஸ் 4 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். உள்ளே தகடு தளர்ந்திருந்தால் அந்த இடம்தான் காயும், சூடு பக்கத்துத் துளைக்கும் பரவும். உங்கள் எக்ஸ்டெண்டர் இழுப்பது 10 வாட்டுக்குள், அதாவது 0.05 ஆம்பியர்கூட இல்லை. அந்தக் கரண்டில் பின் சூடாகவே சூடாகாது. ஆகவே சுவிட்சை அணைத்துக் கழற்றிப் பாருங்கள்: பின் சுட்டாலோ, துளையைச் சுற்றிப் பழுப்பேறியிருந்தாலோ குற்றம் மல்டிபிளக்கில்தான். தூக்கிப் போடுங்கள். பின் சாதாரணமாக இருந்து உடம்பு மட்டும் சுட்டால் சூடு எக்ஸ்டெண்டருக்குள்ளிருந்து வருகிறது.

இன்னொன்று: லூசான துளையில் செருகினால் சூடு ஏறாவிட்டாலும் சப்ளை விட்டுவிட்டு வரும். லேசாக அசைத்துப் பாருங்கள். லைட் அணைந்து எரிந்தால் துளைதான் காரணம்.

அலைவரிசை:
“நெட் போகிறது” என்பதில் இரண்டு வகை உண்டு சார். எக்ஸ்டெண்டரே அணைந்து திரும்ப எழுகிறதா, அல்லது அது ஓடிக்கொண்டிருக்கும்போதே ரவுட்டருடன் தொடர்பு விடுகிறதா? இதைப் பிரிக்காமல் செட்டிங்கைத் தொடுவது வீண் வேலை.

எக்ஸ்டெண்டரின் அட்மின் பக்கத்தில் (பிரவுசரில் திறக்கும் செட்டிங் பக்கம்) அப்டைம், அதாவது கடைசியாக ஆன் ஆனதிலிருந்து ஓடிய நேரம், அல்லது சிஸ்டம் லாக் இருக்கும். நெட் போய் வந்த உடனே பாருங்கள். அப்டைம் சில நிமிடம்தான் என்றால் ரீபூட் ஆகியிருக்கிறது. பல மணி நேரம் காட்டினால் சிக்னல் பிரச்சினை.

கூடவே மாடியில் லேப்டாப்பில் இரண்டு விண்டோ திறந்து, ஒன்றில் ரவுட்டரின் முகவரிக்கு (பெரும்பாலும் 192.168.1.1), மற்றதில் 8.8.8.8-க்கு (வெளியே இணையத்தில் உள்ள கூகுள் சர்வர்) தொடர்ந்து பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை) ஓடவிடுங்கள். இரண்டும் சேர்ந்து விழுந்தால் கோளாறு வீட்டுக்குள். 8.8.8.8 மட்டும் விழுந்தால் எக்ஸ்டெண்டரைக் குறை சொல்லாதீர்கள், லைன்காரரைக் கூப்பிடுங்கள்.

ஆண்ட்ராய்டு போனில் ஒரு வைஃபை அனலைசர் ஆப் போட்டு, எக்ஸ்டெண்டர் இருக்கும் இடத்தில் கீழ் ரவுட்டரின் சிக்னல் எத்தனை டிபிஎம் (சிக்னல் பலத்தின் அளவு; மைனஸ் எண், பூஜ்யத்துக்கு நெருங்க நெருங்க பலம்) என்றும் சொல்லுங்கள்.

மாடிவீடு:
பார்த்தேன். பின் சூடில்லை, உடம்புதான் சுடுகிறது. அசைத்தால் லைட் அணையவில்லை. நெட் வந்தவுடன் அப்டைம் 4 நிமிடம் காட்டியது. இரண்டு பிங்கும் சேர்ந்தே விழுந்தன. சிக்னல் -78.

சால்டர்:
அப்படியானால் ரீபூட்தான். இந்த வகையில் 230 வோல்ட்டை இறக்கும் பவர் சப்ளையும் ரேடியோவும் ஒரே பிளாஸ்டிக் கூட்டுக்குள் இருக்கின்றன. பெரும்பாலான மாடல்கள் 40 டிகிரி அறை வெப்பம் வரைக்கும்தான். மே மாத மேற்குச் சுவரில், திரைக்குப் பின்னால் அதைத் தாண்டிவிடும்.

சூட்டில் முதலில் சாவது பவர் சப்ளையின் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர். 10 டிகிரி கூடினால் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். அது வற்றிவிட்டால், அதிகம் டேட்டா போகும் நேரத்தில் வோல்டேஜ் தொய்ந்து சிப் ரீபூட் ஆகும்.

செத்துவிட்டதா என்று அறிய ஒரு சோதனை: இரவில், குளிர்ந்த அறையில், ரவுட்டரிலிருந்து 3 மீட்டரில் சுவர் ப்ளக்கில் நேரடியாகச் செருகி, 2 மணி நேரம் வீடியோ ஓடவிடுங்கள். அங்கும் ரீபூட் ஆனால் மாற்றத்தான் வேண்டும். வாரண்டி இருக்கிறதா பாருங்கள். ஆகாவிட்டால் இடம்தான் தவறு, பொருள் நல்லது. ஃபேன் வைத்தால் அறிகுறி மறையும், காரணம் அப்படியே இருக்கும்.

தயவுசெய்து பிரிக்காதீர்கள். உள்ளே உயர் அழுத்த கெப்பாசிட்டரில் 320 வோல்ட் அளவுக்கு டிசி நிற்கும். கழற்றிய பிறகும் சிறிது நேரம் இருக்கக்கூடும்.

அலைவரிசை:
-78 என்பதையும் விட்டுவிடாதீர்கள், சூட்டில் அதற்கும் பங்கு உண்டு. சிக்னல் மெலிந்தால் வேகம் இறங்கும், பாக்கெட்டுகளைத் திரும்பத் திரும்ப அனுப்ப வேண்டிவரும். அதே வீடியோவுக்கு ரேடியோ பல மடங்கு நேரம் உழைக்கிறது. மாடியில் சிக்னல் இல்லாத இடத்தில் வைப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. சிக்னல் நன்றாகக் கிடைக்கும் கடைசி இடத்தில் வைக்க வேண்டும். -60 முதல் -67 வரை காட்டும் இடத்தைப் படிக்கட்டுப் பக்கம் தேடுங்கள். காங்கிரீட் தளத்தின் வழியாக வருவதைவிடப் படிக்கட்டுத் திறப்பு வழியாக வரும் சிக்னல் நன்றாக இருக்கும். நிழல் சுவர், சுற்றிலும் ஒரு சாண் இடைவெளி, திரையோ ஃபிரிட்ஜோ பக்கத்தில் வேண்டாம்.

இடம் மாற்றியபின் ரவுட்டரில் 2.4 கிகாஹெர்ட்ஸ் பேண்டை 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில், சேனல் 1, 6, 11-இல் நெரிசல் குறைந்த ஒன்றில் நிறுத்துங்கள். எக்ஸ்டெண்டர் ரவுட்டரின் சேனலையே பின்தொடரும் என்பதால் அங்கே மாற்ற வேண்டியதில்லை. 5 கிகாஹெர்ட்ஸில் சேனலை 36 முதல் 48 வரைக்குள் வையுங்கள். 52-க்கு மேல் சில சேனல்களில் ரேடார் தென்பட்டால் ரவுட்டர் சேனலை விட்டு விலகியாக வேண்டும், எக்ஸ்டெண்டர் அப்போது அறுந்துபோகும்.

செப்புக்கம்பி:
மாற்றும் நிலை வந்தால் இன்னொரு எக்ஸ்டெண்டருக்குப் பதில் படிக்கட்டு வழியாக ஒரு கேட் 6 கேபிள் இழுத்து, மேலே ஆக்சஸ் பாயின்ட் மோடில் (கேபிளில் வரும் நெட்டை வைஃபையாக மட்டும் கொடுக்கும் நிலை) ஒரு ரவுட்டர் வையுங்கள். 15, 20 மீட்டர் போதும். செம்பு பூசிய அலுமினியம் வேண்டாம், முழுச் செம்பு கேளுங்கள். கரண்ட் வயர் போகும் பைப்பில் சேர்த்து விடாதீர்கள். மேல் ரவுட்டரில் டிஹெச்சிபி (கருவிகளுக்கு முகவரி கொடுக்கும் வேலை) அணைந்திருக்க வேண்டும், அதன் முகவரி கீழ் ரவுட்டரின் முகவரியாகவே (பெரும்பாலும் 192.168.1.1) இருக்கக்கூடாது. பழைய எக்ஸ்டெண்டரையே கேபிளில் போடுவதானால் முதலில் ரிப்பீட்டர் மோடிலிருந்து (வைஃபையை வாங்கித் திரும்ப அனுப்பும் நிலை) ஆக்சஸ் பாயின்ட் மோடுக்கு மாற்றிவிட்டுப் பிறகு கேபிளைச் செருகுங்கள். வைஃபையும் கேபிளும் ஒரே சமயத்தில் ரவுட்டருக்குப் போனால் லூப் ஆகி (டேட்டா ஒரே வட்டத்தில் சுற்றிச் சுற்றி வந்து) வீட்டு நெட் மொத்தமும் நின்றுவிடும்.