வெப்பக் கமராவில் கோடுகள் விழுகின்றன: உணரியை மாற்றத்தான் வேண்டுமா?

படுவான்கரையான்:
வணக்கம். வெல்லாவெளிப் பக்கத்தில் உள்ள எங்கள் வயல் வாடியில் இரவு யானைக் காவலுக்காகப் பழைய வெப்பக் கமரா ஒன்றை வாங்கினேன். படப்புள்ளிகள் 256×192, புள்ளி இடைவெளி 12 மைக்கிரோமீற்றர், வில்லையின் குவியத்தூரம் 4 மில்லிமீற்றர். போட்டவுடன் படம் தெளிவாக இருக்கிறது. அரை மணித்தியாலத்துக்குள் நிலைக்குத்துக் கோடுகள் எழுந்து மூலைகள் வெளிறிவிடுகின்றன. இடையிடையே 'டிக்' என்ற சத்தத்துடன் படம் உறைவது இடைஞ்சலாக இருந்ததால், தானியங்கிச் சீராக்கத்தை நிறுத்தி வைத்திருக்கிறேன். உணரி பளிங்குருவற்ற சிலிக்கன் என்ற பொருளால் ஆனது என்பதால்தான் இப்படி என்றும், வனேடியம் ஒட்சைட்டால் ஆன உணரி உள்ளதை வாங்கும்படியும் விற்றவர் சொல்கிறார். உண்மைதானா?

அக்கரைப்பற்றுத் திருத்துநர்:
தம்பி, காசைச் செலவழிக்க முன் அந்த 'டிக்'கை மீண்டும் இயக்குங்கள். உங்கள் உணரியின் ஒவ்வொரு புள்ளியும், வெற்றிடத்துக்குள் மெல்லிய கால்களில் நிற்கும் ஒரு சிறு தகடு. 8 முதல் 14 மைக்கிரோமீற்றர் வரையான கதிர்ப்பு பட்டதும் அது இம்மியளவு சூடேற, பாகைக்கு ஏறத்தாழ 2 சதவீதம் என்ற அளவில் அதன் மின்தடை மாறுகிறது. 77 கெல்வின் வரை குளிரூட்டப்படும் விலையுயர்ந்த கமராக்களைப் போலன்றி, இங்கே உணரி கருவியின் சூட்டிலேயே இருப்பதால், கருவி சூடாகச் சூடாக ஒவ்வொரு தகடும் ஒவ்வொரு விதமாக விலகிப் போகும். 'டிக்' என்பது ஒரே சீரான வெப்பமுள்ள சிறு மூடி உணரியின் முன் வந்துபோகும் சத்தம். அப்போதுதான் விலகல்கள் அளந்து கழிக்கப்படுகின்றன. வனேடியம் ஒட்சைட்டில் இரைச்சல் பொதுவாகக் குறைவு என்பது சரி, ஆனால் மூடியை நிறுத்தினால் அதிலும் கோடு விழும்.

படுவான்கரையான்:
நன்றி அண்ணன், கோடுகள் போய்விட்டன. ஆனால் பொழுதுபடும் நேரத்தில், 200 மீற்றருக்கு அப்பால் வரம்பில் நிற்கும் யானைக்கும் மரத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

கல்முனை பௌதிக ஆசிரியை:
இதில் இரண்டு காரணங்கள் கலந்திருக்கின்றன. முதலாவது வில்லை: 12 மைக்கிரோமீற்றரை 4 மில்லிமீற்றரால் வகுத்தால் ஆயிரத்தில் 3 வருகிறது, அதாவது 200 மீற்றரில் ஒரு படப்புள்ளி 60 சென்ரிமீற்றரை மூடுகிறது, இரண்டரை மீற்றர் உயரமான யானை நான்கே புள்ளிகள். அதே உணரிக்கு 19 மில்லிமீற்றர் வில்லை இருந்தால் இருபது புள்ளிகள் கிடைக்கும், பார்வைப் பரப்புத்தான் ஒடுங்கும். இரண்டாவது நேரம்: வெயிலை வாங்கிய மண்ணும் மரமும் ஆறிக்கொண்டு வரும்போது, அவை யானையின் தோலுடன் ஏறத்தாழ ஒரே வெப்பநிலைக்கு வரும் வேளை ஒன்று உண்டு, அப்போது எந்த உணரிக்கும் பார்க்க ஒன்றும் இராது. மாரிமழையில் எல்லாம் நனைந்திருந்தால் வேறுபாடு இன்னும் குறையும். உழவு இயந்திரத்தின் முன்கண்ணாடிக்கு உள்ளே இருந்தும் பார்க்காதீர்கள்; கண்ணாடி இந்த அலைநீளத்தை விடாது, அதனால்தான் வில்லையை ஜேர்மானியம் என்ற தனிமத்தில் செய்கிறார்கள்.

படுவான்கரையான்:
நேற்றிரவு இரண்டு மணியளவில், ஏறத்தாழ 80 மீற்றரில் நின்றதை மாடு என்றே முதலில் நினைத்தேன். ஓரத்தில் இரண்டு மூன்று புள்ளிகள் விட்டுவிட்டு ஒளிர்ந்து மங்கின. காது அசைகிறது என்று அறிந்து, சத்தத்தால் யானையை விரட்டும் யானை வெடியைக் கையில் எடுத்துக்கொண்டேன். இந்தக் கமராவை வைத்துக்கொண்டு, நீண்ட வில்லையுள்ள ஒன்றை அடுத்த போகத்துக்குப் பார்க்கிறேன்.