பொருள்: ‘நாலெட்ஜ் ரெசிஸ்டன்ஸ்’ – ‘சான்றேற்காமை’ எனலாமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

சதிக்கோட்பாடுகளின் உளவியல் குறித்த கலைச்சொல் பட்டியலில் ‘நாலெட்ஜ் ரெசிஸ்டன்ஸ்’ என்ற இந்த ஒரு சொல்லில்தான் முடிவுக்கு வராமல் நிற்கிறோம். போதிய சான்று கிடைத்தும் அதை ஏற்க மறுக்கும் மனநிலையை அது குறிக்கிறது. இதுவரை இழையில் வந்தவை: அறிவெதிர்ப்பு, அறிவுத்தடை, அறிவேலாமை, சான்றுமறுப்பு. நான் ‘சான்றேற்காமை’ என்பதை முன்மொழிகிறேன். கொஞ்சம் நீளமாகவே எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

> அறிவெதிர்ப்பு என்றே வைத்துவிடலாமே. மூலச்சொல்லுக்கு நேர். யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

ஐயா, எளிமை பற்றிச் சொன்னது சரி. ஆனால் தமிழில் ‘அறிவு’ இரட்டை வேலை பார்க்கிறது. கற்றுத் தெரிந்துகொண்டதும் அறிவு, மூளையின் கூர்மையும் அறிவு. கோபத்தில் ‘அறிவிருக்கா?’ என்று கேட்பது இரண்டாவதைத்தான். ஆகவே அறிவெதிர்ப்பு என்றதும், படிக்காதவர், யோசிக்கத் தெரியாதவர் என்ற எண்ணம் வந்துவிடும். இந்தத் துறை சொல்ல வருவது கிட்டத்தட்ட அதற்கு எதிரானது.

டான் கஹானும் உடன் ஆய்வாளர்களும் அமெரிக்காவில் செய்து 2013இல் வெளியிட்ட ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். பங்கேற்றவர்களிடம் கற்பனையான சில எண்களைக் கொடுத்து விடை கேட்டார்கள். தோல் தடிப்புக்கு ஒரு களிம்பு. தடவியவர்களில் 223 பேருக்குத் தடிப்பு குறைந்தது, 75 பேருக்குக் கூடியது. தடவாதவர்களில் 107 பேருக்குக் குறைந்தது, 21 பேருக்குக் கூடியது. களிம்பு பயன் தருகிறதா? 223 பெரிய எண், ‘ஆமாம்’ என்று சொல்லத் தோன்றும். விகிதம் போட்டுப் பார்த்தால் தடவியவர்களில் ஏறக்குறைய 75 விழுக்காட்டினருக்குத்தான் குறைந்திருக்கிறது, தடவாதவர்களில் 84 விழுக்காட்டினருக்கு. களிம்பு தடவாதவர்களே தேவலை! கணக்கில் வல்லவர்கள் இதை மற்றவர்களைவிட எளிதாகப் பிடித்துவிட்டார்கள்.

வேறு சிலருக்கு அதே எண்களையே தலைப்பை மட்டும் மாற்றிக் கொடுத்தார்கள். களிம்புக்குப் பதில், துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லத் தடை விதித்த நகரங்கள், விதிக்காத நகரங்கள். குறைந்ததும் கூடியதும் குற்றங்கள். இங்கே கணக்கில் வல்லவர்களும் தங்கள் அரசியல் சார்பின்படி பிரிந்துபோனார்கள். மேலோட்டமான விடை தமக்குப் பிடித்ததாக இருந்தால் அங்கேயே நின்றார்கள். பிடிக்காததாக இருந்தால்தான் விகிதம் போட்டார்கள். பின்னாளில் மறுபடி செய்து பார்த்த ஆய்வுகளில் இந்தப் பிளவு இதே அளவுக்கு வரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். என்றாலும் சரியான கேள்வி எது என்பதை இந்தச் சோதனை காட்டிவிட்டது: ஒருவருக்கு யோசிக்கத் தெரியுமா என்பதைவிட, எந்த இடத்தில் யோசிப்பதை நிறுத்துகிறார் என்பதையே பார்க்க வேண்டும்.

1847இல் வியன்னா மருத்துவமனையில் மருத்துவர் செம்மல்வைஸ் சொன்னதை ஏற்காதவர்களும் மருத்துவர்களே. பிணவறையிலிருந்து நேரே பிரசவ அறைக்கு வருபவர்கள் குளோரின் கரைசலில் கை கழுவ வேண்டும் என்றார். ஏப்ரலில் 18 விழுக்காட்டுக்கு மேல் இருந்த தாய்மார் இறப்பு ஜூனில் 2 விழுக்காடு அளவுக்கு இறங்கியது. பலர் அப்போதும் ஏற்கவில்லை. கிருமிக் கோட்பாடு வராத காலம், அவரால் காரணத்தைத் தெளிவாகச் சொல்ல முடியவில்லை என்பது உண்மை. ஆனால் ‘நம் கைகளே இவர்களைக் கொன்றன’ என்று ஒப்புக்கொள்வது எந்த மருத்துவருக்கும் எளிதல்ல. ஏற்பதற்குத் தர வேண்டிய விலை பெரிதாகும்போதுதான் இந்த மனநிலை வேலை செய்யத் தொடங்குகிறது. இவர்களைப் பார்த்து ‘அறிவை எதிர்த்தவர்கள்’ என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அவர்கள் ஏற்காதது கண்முன் இருந்த ஒரு சான்றை.

ஆகவே முற்பகுதி ‘சான்று’ என்று இருக்கட்டும். இன்னும் ஒன்று: ஒருவர் ஒன்றை ஏற்ற பிறகுதான் அது அவருடைய அறிவாகிறது. அவர் வாசலில் தடுத்து நிறுத்துவது சான்றைத்தான்.

> ‘எதிர்ப்பு’ வேண்டும். நோயெதிர்ப்பு போல, தாக்கத் தாக்க வலுப்பெறும் தன்மை அதில் இருக்கிறது.

அம்மா, அந்தத் தன்மை இருக்கிறதா என்பதே இப்போது ஐயத்துக்குரியது. நீங்கள் மனத்தில் வைத்திருப்பது நைஹன், ரைஃப்ளர் இருவரின் 2010ஆம் ஆண்டு ஆய்வு என்று நினைக்கிறேன். தவறான தகவலைத் திருத்தினால் சிலரிடம் அந்த நம்பிக்கை இன்னும் இறுகிவிடுகிறது என்றார்கள். ஊடகங்கள் அதைப் பிடித்துக்கொண்டன, ‘சொல்லிப் பயனில்லை’ என்பது பொது உண்மைபோல ஆகிவிட்டது. 2019இல் உட், போர்ட்டர் இருவரும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் 52 தலைப்புகளில் தேடினார்கள். அந்த இறுக்கம் ஏறத்தாழ எங்குமே தென்படவில்லை. திருத்தத்தைக் கேட்ட பெரும்பாலோர், தமக்குப் பிடிக்காவிட்டாலும், உண்மையின் பக்கம் சற்று நகர்ந்தார்கள்.

2024இல் காஸ்டெல்லோ, பென்னிகுக், ராண்ட் மூவரும் வெளியிட்ட ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போகிறது. சதிக்கோட்பாட்டை நம்பும் 2,190 பேர், தாம் நம்புவதையும் அதற்கான காரணங்களையும் தம் சொற்களிலேயே எழுதினார்கள். செயற்கை நுண்ணறிவு உரையாடி ஒவ்வொரு காரணத்துக்கும் குறிப்பாக, மரியாதையோடு பதில் சொன்னது. நம்பிக்கையின் அளவு சராசரியாக 20 விழுக்காடு குறைந்தது, இரண்டு மாதம் கழித்துப் பார்த்தபோதும் அப்படியே இருந்தது. பொதுவாகச் சொல்லும் அறிவுரையைவிட அவரவர் கேட்ட கேள்விக்கே பதில் தருவது வேலை செய்கிறது. இதைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே நம்பிக்கை பிறந்தது. மதில்சுவர்போல ஒலிக்கும் சொல்லை நாம் சூட்டிவிட்டால், இந்தப் பாடத்தைப் படிக்கும் ஆசிரியரும் மருத்துவரும் பேசிப் பார்க்கும் முன்பே கைவிட்டுவிடுவார்கள். இன்று ஏற்காதவர் நாளை ஏற்கலாம் என்ற இடம் ‘ஏற்காமை’யில் இருக்கிறது.

‘ஏலாமை’ சுருக்கமானதுதான், ஆனால் அது இயலாமையைக் குறிக்கிறது. முடியாது என்பது வேறு, மாட்டேன் என்பது வேறு. ‘சான்றுமறுப்பு’ என் முதல் தேர்வாக இருந்தது, ஆனால் சான்றை மறுத்துக் காட்டுவது அறிவியலின் அன்றாட வேலை. நல்ல ஆய்வாளரையும் இந்தச் சொல் உள்ளே இழுத்துவிடும்.

‘அறிவுத்தடை’யைத் தூக்கி எறிய வேண்டாம். அதற்கு வேறு இடம் இருக்கிறது. தகவல் மக்களைச் சென்றடையாதபடி வெளியிலிருந்து போடும் தடைகளுக்கு அது மிகப் பொருத்தம். புகைப்பதற்கும் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை மங்கலாக்க, ஐயத்தை விதைப்பதே நம் தொழில் என்ற பொருளில் ஒரு புகையிலை நிறுவனத்தின் 1969ஆம் ஆண்டு உள்குறிப்பு பேசுகிறது. அங்கே குறை புகைப்பவரின் மனத்தில் இல்லை, அவருக்கு வந்து சேர்ந்த செய்தியில் இருக்கிறது.

சொல் எதுவானாலும் இந்தப் பிரிவு தெளிவாக இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஸ்வீடன் மெய்யியலாளர் ஓசா விக்ஃபோர்ஸ் போன்றோரும் இதை வலியுறுத்துகிறார்கள். தவறாக நம்பும் எல்லாரும் சான்றை ஏற்காதவர்கள் அல்லர். 1998இல் லான்செட் இதழில் வேக்ஃபீல்ட் 12 குழந்தைகளை வைத்து எழுதிய கட்டுரையைப் பார்த்து, தட்டம்மைத் தடுப்பூசியால் ஆட்டிசம் வருமோ என்று பயந்த தாய், பெயர்பெற்ற மருத்துவ இதழை நம்பினார், அவ்வளவுதான். 2010இல் அந்தக் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது, வேக்ஃபீல்டின் பெயரும் பிரிட்டனின் மருத்துவர் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது. இத்தனையும் தெரிந்த பிறகு, ‘அவரையும் சதி செய்து ஒழித்துவிட்டார்கள்’ என்று அதே நம்பிக்கையைக் காப்பாற்றுகிறாரே ஒருவர், நம் சொல் அவருடைய நிலைக்குத்தான்.

> அப்படியானால் ‘சதிக்கோட்பாடு’ என்பதையும் ‘சதிக்கதை’ என்று மாற்றிவிடுவோம். கோட்பாடு என்ற மரியாதை எதற்கு?

வேண்டாம் என்பது என் கருத்து. அமெரிக்காவில் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை கறுப்பின ஆண்களுக்கு மேகநோய் (சிபிலிஸ்) இருப்பதை மறைத்து, சிகிச்சை தராமல் அரசே வேடிக்கை பார்த்தது. 1972க்கு முன் ஒருவர் அப்படிச் சொல்லியிருந்தால் அதுவும் சதிக்கோட்பாடே, உண்மையான சதிக்கோட்பாடு. ‘கதை’ என்றால் தீர்ப்பை முன்கூட்டியே எழுதிவிடுகிறோம். கூற்றுக்குச் சதிக்கோட்பாடு, அதை ஒருவர் நம்புவதற்குச் சதிநம்பிக்கை, எதற்கும் பின்னால் ஒரு கூட்டம் இருப்பதாகவே பார்க்கும் பொதுச் சாய்வுக்குச் சதிமனப்பாங்கு என மூன்றாகப் பிரித்தால் குழப்பம் இராது.

ஆளைக் குறிக்கும் சொல்லை இதிலிருந்து உருவாக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். தடுப்பூசி பற்றிய சான்றை ஏற்காதவர் தன் இதய மருத்துவர் காட்டும் அறிக்கையை அப்படியே ஏற்பார். இது மனிதரைவிடத் தலைப்பைப் பொறுத்தே அமைகிறது.

அகராதிப் பதிவுக்கு என் வரைவு:

சான்றேற்காமை (பெயர்): போதிய சான்று எட்டும் இடத்தில் இருந்தும், அதை ஏற்பதால் தன் அடையாளத்துக்கோ உறவுக்கோ நம்பிக்கைக்கோ இழப்பு நேரும் என்பதால், அதற்கு இணங்காதிருக்கும் மனநிலை. எதிர்ச்சொல்: சான்றேற்பு. ஒப்பிடுக: அறியாமை, அறிவுத்தடை.

‘இழப்பு நேரும்’ என்பதா, ‘இழப்பு நேரும் என்று கருதுவதால்’ என்பதா என்று மட்டும் எனக்கு இன்னும் முடிவாகவில்லை. உளவியல் படித்தவர்கள் சொல்லுங்கள்.